வகுப்பும் வர்க்கமும்: கனடிய வகுப்பு வழக்குகளில் வரைவிலக்கணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

சொற்களின் வரலாறு அவற்றை வழங்கிய சமூகத்தின் வரலாற்றோடு பிணைந்தது என்பது மொழியாராய்ச்சியில் ஈடுபட்டோர் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் ஒன்றாகும். இலக்கியச் சொற்களையும் சமயச் சொற்களையும் இந்நோக்கில் ஆராய்ந்த நாம் சட்டச் சொற்களை அவ்வாறு ஆராய்ந்தது குறைவு. சட்டம் வழக்கறிஞர்க்கே உரியது என்ற எண்ணமும், அது மேற்கட்டுமானத்தின் ஒரு கூறேயன்றி வேறில்லை என்ற அவசர முடிபும் இதற்குக் காரணங்களாக இருந்துள்ளன. முன்னைய கருத்து சட்டத்தைப் புனிதமாக்குகின்றது. பின்னையது அதனைப் பொருட்படுத்தாது விடுகின்றது. இரண்டும் ஆய்வுக்கு உதவா.

கனடாவில் வளர்ச்சியுற்றுள்ள வகுப்பு வழக்கு என்னும் வழக்குமுறையை இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கின்றோம். ஒரே வகையான தீங்குக்கு ஆளான பலரின் சார்பில் அவர்களுள் ஒருவரோ சிலரோ வழக்குத் தொடர, அதன் முடிபு பெயர் குறிக்கப்படாத ஏனையோரையும் கட்டுப்படுத்துவதே இவ்வழக்குமுறையாகும். கனடிய மாகாணங்களிற் பொதுவாக, குறித்த காலத்துள் தாம் விலகிக்கொள்வதாக அறிவியாதோர் அனைவரும் வகுப்பினுள் அடங்குவர். மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். ஆகவே, வகுப்பினுள் அடங்குவோர் யாவர் என்ற வினா வெறும் நடைமுறை வினா அன்று. நட்டஈடு பெறுவோர், பெறாதோர், வழக்காடும் உரிமையை அறியாமலே இழப்போர் ஆகிய மூவகையினரையும் அதற்கு அளிக்கப்படும் விடையே தீர்மானிக்கின்றது.

தமிழில் இதனை எழுதப் புகும்போதே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. ஆங்கிலத்தில் ‘கிளாஸ்’ என்ற ஒரே சொல், பாட்டாளி வர்க்கத்தையும் வழக்கிற் சேர்ந்த வகுப்பையும் குறிக்கின்றது. அதன் மூலமாகிய இலத்தீனச் சொல், பண்டைய ரோமாபுரியிற் குடிமக்களை அவர்தம் சொத்தின் அளவுக்கேற்பப் பிரித்த குடிமதிப்புப் பிரிவுகளைக் குறித்தது. வரிக்கும் படைக்கும் ஆட்களைக் கணக்கிட அரசு வகுத்த பிரிவு அது. கியூபெக்கின் பிரெஞ்சுச் சட்டமோ ‘குழு’ என்று பொருள்படும் சொல்லையே கையாள்கின்றது. தமிழில் வர்க்கம், வகுப்பு என இரு சொற்கள் நமக்கு உள்ளமை ஈண்டு பெரிதும் பயன்படுவதாகும். வர்க்கம் என்பதை உற்பத்தி உறவுகளில் ஒரே இடத்தை வகித்து, போராட்டத்தினூடே தன்னை உணரும் சமூக சக்தி என்ற பொருளில் நாம் வழங்கி வருகின்றோம். வகுப்பு என்பதோ ‘வகு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. அஃதாவது, வகுப்பு வகுக்கப்படுவது. வகுக்கப்படுவது எனின், வகுப்பவர் யார், எந்த அளவுகோலால், யாருடைய நலனுக்காக என்னும் வினாக்கள் உடன் எழுகின்றன. இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

2

இவ்வழக்குமுறையின் வேர்கள் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்திலே காணப்படுகின்றன. ஒரே நலனுடைய பலர் இருப்பின் ஒருவர் மற்றையோருக்காகவும் வழக்காடலாம் என்ற அம்மன்றத்தின் வழக்கம், குடியேற்ற நாடுகள் பலவற்றின் சட்டங்களிலும் இடம்பெற்றது. 1889 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16 ஆம் பிரிவும் அதே மரபில் வந்ததே. ஒன்ராறியோவில் இது 75 ஆம் விதி என்ற ஒற்றை வாக்கியமாக நிலவியது.

கிராம நிலக்கிழாருக்கும் குடியானவருக்கும் இடையிலான பிணக்குகளுக்குப் பொருந்திய இவ்விதி, பெருந்தொகை உற்பத்திக் காலத்துக்குப் போதாதிருந்ததில் வியப்பில்லை. 1970 களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் கனடாவில் விற்ற ‘பிரென்சா’ என்னும் கார் குறைபாடுடையது எனக் கூறி, ஒன்ராறியோவில் அதனை வாங்கியோர் சிலர் ஏறத்தாழ 4,600 பேர் சார்பில், ஆளுக்கு 1,000 டொலர் வீதம் கோரி வழக்குத் தொடர்ந்தனர். பல்லாண்டுகள் நீடித்த இவ்வழக்கைக் கனடிய உயர் நீதிமன்றம் 1983 இல் நிராகரித்தது. இத்துணைச் சிக்கலான நடவடிக்கையை ஒரு வாக்கியத்தாலான விதி தாங்காது. வேண்டுமாயின் சட்டமன்றமே வழிசெய்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆயிரக்கணக்கான கார்களை ஒரே அச்சில் வார்க்க மூலதனத்தால் இயன்றது. அக்கார்களை வாங்கியோரை ஒரே வழக்கிற் சேர்க்கச் சட்டத்தால் இயலவில்லை.

சட்டமன்றங்கள் இம்முரண்பாட்டுக்கு வெவ்வேறு காலங்களில் விடையளித்தன. கியூபெக் 1978 இலேயே தனிச் சட்டம் இயற்றி, வழக்குத் தொடர்வோருக்கு உதவப் பொதுநிதி ஒன்றையும் நிறுவியது. பார்ட்டி கெபெக்குவா அரசாங்கத்தின் முதற் பதவிக் காலம் அது. ஒன்ராறியோவிற் சட்டச் சீர்திருத்த ஆணைக்குழு 1982 இல் விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டிருந்தும், புதிய சனநாயகக் கட்சி ஆட்சியில் இருந்த 1992 இலேயே சட்டம் நிறைவேறியது. பிரிட்டிஷ் கொலம்பியா 1995 இல் அதனைப் பின்தொடர்ந்தது. இச்சட்டங்கள் மக்கள் சார்பான அரசியலின் பேறுகள் என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

எனினும், தனிச்சட்டம் இல்லாத மாகாணங்களிலும் வகுப்பு வழக்கு இயலும் என்று உயர் நீதிமன்றம் 2001 இல் நிலைநாட்டிய வழக்கு யாருடையது என்பது நோக்கற்பாலது. அல்பேட்டா மாகாணத்தில் எழுந்த அவ்வழக்கின் வழக்காளிகள் தொழிலாளருமல்லர், நுகர்வோருமல்லர். பணம் முதலிட்டுக் குடியுரிமைக்கு வழிதேடும் திட்டத்தின் கீழ்க் கனடாவுக்கு வந்த இருநூறுக்கும் மேற்பட்ட முதலீட்டாளர்களே அவர்கள். சட்டம் வகுத்த முதற் பெரும் வகுப்புகளுள் ஒன்று உடைமையாளரின் வகுப்பாக அமைந்தது தற்செயலாயினும் பொருள் பொதிந்தது.

3

வகுப்பை வரையறுக்கும் நெறிகள் இக்காலத்திலேயே உருவாயின. ரொறன்ரோச் சுரங்க ரயிற் பாதையில் ஏற்பட்ட தீவிபத்துத் தொடர்பான 1998 ஆம் ஆண்டு வழக்கில் நீதியரசர் வொரன் விங்க்லர் வரைவிலக்கணத்தின் பயன்களை மூன்றாக வகுத்தார். எதிராளிக்கு எதிராகக் கோரிக்கை விடுக்கக்கூடியோரை இனங்காட்டுதல், முடிபாற் கட்டுப்படுவோரைத் தீர்மானித்தல், அறிவித்தல் பெறவேண்டியோரைக் குறித்தல் என்பன அவை. பின்னர், பிரதம நீதியரசர் பெவர்லி மக்லாக்லின் 2001 ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் இதனை மேலும் தெளிவுபடுத்தினார். அளவுகோல் புறநிலையானதாக இருத்தல் வேண்டும். வழக்கின் இறுதி முடிபிற் சார்ந்திருத்தல் ஆகாது. பொது வினாக்களோடு அறிவுக்கொத்த தொடர்புடையதாக இருத்தல் வேண்டும். அவசியத்துக்கு மேல் விரிந்ததாக இருத்தலும் ஆகாது.

நம் தருக்க நூலார் இலக்கணத்துக்குக் கூறும் அவ்வியாத்தி, அதிவியாத்தி என்னும் குற்றங்களை இங்கு நினைவுகூரலாம். இலக்கியத்துள் ஒரு பகுதியைத் தழுவாது விடுதல் முன்னையது. அதனைக் கடந்து புறத்தும் செல்லுதல் பின்னையது. கனடிய நீதிபதிகள் அஞ்சுவனவும் இவையே. ஆயின், தருக்க நூலாரின் பசுவுக்குக் கொம்பைப் பற்றிய வரைவிலக்கணத்தால் நட்டமும் இல்லை, இலாபமும் இல்லை. இங்கோ ஒவ்வொரு பிழைக்கும் விலை கொடுப்பவர் ஒருவர் இருக்கின்றார்.

முடிபிற் சார்ந்திருத்தல் ஆகாது என்ற நெறி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. ‘எதிராளியின் கவலையீனத்தாற் பாதிக்கப்பட்டோர் அனைவரும்’ என ஒரு வகுப்பை வரையறுத்தல் இயலாது. கவலையீனம் உண்டா என்பதே வழக்கு. அதனை முன்கூட்டியே நிறுவப்பட்டதாகக் கொண்டால் வட்டமாகும். தருக்கமுறையில் இது சரியே. ஆனால் இதன் விளைவு யாது? துன்புற்றோரை அவர்தம் துன்பத்தைக் கொண்டு இனங்காட்ட முடியாது போகின்றது. வசித்த வீதி, வேலை செய்த பதவிப் பெயர், பொருள் வாங்கிய திகதி, பதிவேட்டில் உள்ள பெயர் ஆகியனவே எஞ்சுகின்றன. இப்பதிவேடுகளோ பெரும்பாலும் எதிராளியின் கையிலேயே உள்ளன. தொழிலாளி யார் என்பதை முதலாளியின் சம்பளப் பட்டியலும், மாணவர் யார் என்பதை அரசின் கோப்பும் கூறுகின்றன. ஒடுக்கியவரின் ஆவணத்தால் ஒடுக்கப்பட்டவர் வரையறுக்கப்படும் நிலை இது.

வரைபடத்தால் வரையறுத்தலுக்கும் எல்லையுண்டு என்பதற்கு ரொறன்ரோ நகரசபைக்குரிய கீல் பள்ளத்தாக்குக் குப்பைமேட்டு வழக்கு சான்றாகும். துர்நாற்றமும் இரைச்சலும் தம்மை வருத்தியதாகக் கூறி, அயலில் வாழ்ந்த ஏறத்தாழ 30,000 பேர் சார்பில் அது தொடரப்பட்டது. வகுப்பின் எல்லைகளை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால், மேட்டுக்கு அண்மையில் வாழ்ந்தவரும் சேய்மையில் வாழ்ந்தவரும் ஒரே அளவில் வருந்தவில்லை என்றும், இப்பிணக்கைத் தீர்க்க வகுப்பு வழக்கு மேலான வழியன்று என்றும் கூறி அதனைச் சான்றுப்படுத்த மறுத்தது. பெருநகர் ஒன்றின் கழிவு ஓரிடத்திலே குவிக்கப்பட்டபோது கூட்டாகவே குவிக்கப்பட்டது. அதன் நாற்றத்தை நுகர்ந்தோர் மாத்திரம் தனித்தனியே நுகர்ந்தோராகக் கணிக்கப்பட்டனர்.

4

வகுப்பும் வர்க்கமும் நேருக்கு நேர் சந்திக்கும் களம் தொழிற்றலமாகும். சம்பளமின்றி வாங்கப்பட்ட மேலதிக நேர வேலை பற்றிய மூன்று வழக்குகளுக்கு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012 இல் ஒருங்கே தீர்ப்பளித்தது. அவற்றுள் இரண்டை ஒப்பிடுவது பயனுடையது.

முதலாவது, கனேடியன் இம்பீரியல் வங்கியின் கிளைகளிற் பணிபுரிந்த காசாளரும் முன்வரிசை ஊழியருமாகிய ஏறத்தாழ 31,000 பேர் சார்பிலானது. கீழ் நீதிமன்றங்களில் இருமுறை மறுக்கப்பட்ட இவ்வழக்கு 2012 இற் சான்றுப்படுத்தப்பட்டது. 2020 இல் ஊழியருக்குச் சார்பாகத் தீர்ப்பும், 2023 இல் 153 மில்லியன் டொலர் இணக்கமும் கிட்டின. முன்னனுமதி பெற்ற மேலதிக வேலைக்கே கொடுப்பனவு என்ற வங்கியின் விதி அனைவருக்கும் பொதுவாயிருந்தமையே வெற்றிக்குக் காரணமாயிற்று. நிருவாகம் ஊழியரை ஒரேசீராக நடத்தியது. அச்சீர்மையே அவர்களை ஒரு வகுப்பாக்கியது. மூலதனம் தன்னை எதிர்ப்போரைத் தானே திரட்டிக் கொடுக்கின்றது என்ற பழைய உண்மையின் சிறு நிரூபணமாக இதனைக் கொள்ளலாம்.

இரண்டாவது, கனேடியன் நஷனல் ரயில்வேயின் முதல்நிலை மேற்பார்வையாளரின் வழக்கு. தாம் உண்மையில் முகாமையாளர் அல்லர். மேலதிக நேரக் கொடுப்பனவைத் தவிர்க்கும் பொருட்டே நிறுவனம் தம்மை அவ்வாறு வகைப்படுத்தியது என்பது அவர்களின் வாதம். மன்றம் இதனைச் சான்றுப்படுத்த மறுத்தது. ஒவ்வொருவரின் பணியும் அதிகாரமும் வேறுபடுவதால், அவர் முகாமையாளரா அல்லரா என்பதை ஒருங்கே தீர்க்க இயலாது என்றது. வர்க்க ஆய்வில் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் இடைநிலையினர் பிரச்சினை இங்கே வழக்காக வந்து நின்றது. மேற்பார்வையாளன் உழைப்பவனா, உழைப்பை நடத்துபவனா? ஒரே பதவிப் பெயரை அனைவருக்கும் சூட்டி ஒரே தட்டில் வைக்க நிறுவனத்துக்கு இயலும். அப்பெயர் பொய் என்று காட்ட முனைவோர் மாத்திரம் ஒவ்வொருவராக வரவேண்டும்.

இவற்றினும் முக்கியமானது பிறிதொன்று. வங்கி வழக்கின் வகுப்பு வரைவிலக்கணத்திலேயே ‘தொழிற்சங்கம் சாராதோர்’ என்ற நிபந்தனை அடங்கியிருந்தது. இது தற்செயலன்று. கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரும் தொழிலாளரின் பிணக்குகள் நடுத்தீர்ப்பாளரிடமே செல்லவேண்டும் என்பது கனடியத் தொழிற்சட்டத்தின் நிலை. கொன்கோர்டியா பல்கலைக்கழக ஊழியரின் ஓய்வூதிய நிதி பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2006 இல் இந்நிலையைப் பெரும்பான்மைத் தீர்ப்பால் உறுதிசெய்தது. ஆகவே, தொழிலாளர் எங்கு வர்க்கமாக அமைப்புற்றிருக்கின்றனரோ அங்கு வகுப்பு வழக்குக்கு இடமில்லை. அமைப்பற்றுச் சிதறியிருக்கும் இடத்திலேயே அது தோன்றுகின்றது. பிரான்சின் சிறுநில உழவர் ஒரே வகை வாழ்வு வாழ்ந்தும் தம்முட் பிணைப்பின்மையால் வர்க்கமாகத் திரள இயலாமற் போனதையும், அதனால் மேலிருந்து ஒருவர் அவர்கள் பேரால் ஆளவந்ததையும் மார்க்ஸ் 1852 இல் விளக்கினார். வகுப்பு வழக்கின் பெயர் தெரியா உறுப்பினர் இவ்வுழவரையே பெரிதும் ஒத்திருக்கின்றனர். அவர்கள் பேரால் வரைவிலக்கணத்தை எழுதுபவர், நட்டஈட்டிற் பங்கை ஊதியமாகப் பெறும் வழக்கறிஞர் ஆவார்.

5

இதுவரை கூறியதைக் கொண்டு வகுப்பு வழக்கு மக்களைப் பிரிக்கும் கருவியே என முடிவுகட்டுவது எளிது. அம்முடிபு போதாது என்பதைக் கனடாவின் ஆதிக்குடிகளின் வரலாறு உணர்த்துகின்றது.

ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்தம் மொழியையும் பண்பாட்டையும் அழிக்கும் நோக்குடன் அரசும் கிறித்தவத் திருச்சபைகளும் நடத்திய வதிவிடப் பாடசாலைகளில் 150,000 க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்க்கப்பட்டதாக உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு மதிப்பிட்டது. பிராண்ட்போர்ட் நகரிலிருந்த மோஹோக் நிறுவனத்தில் 1922 முதல் 1969 வரை பயின்றோர் சார்பில் 1998 இல் தொடரப்பட்ட வழக்கை இரு மன்றங்கள் சான்றுப்படுத்த மறுத்தன. ஒவ்வொரு பிள்ளையின் அனுபவமும் வேறு என்பதே அவற்றின் நியாயம். 2004 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனை மாற்றியது. பிள்ளைகளின் துன்பங்கள் வேறுபடினும், அத்துன்பங்களை விளைத்த அமைப்பு ஒன்றே என்ற நோக்கு வென்றது. பல வழக்குகளின் அழுத்தத்தால் 2006 இல் நாடளாவிய இணக்க ஒப்பந்தம் உருவாகி, 2007 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. முதலாண்டுக்கு 10,000 டொலரும் பின்னர் ஒவ்வோராண்டுக்கும் 3,000 டொலரும் அதன் பொதுக் கொடுப்பனவாகும்.

இவ்வொப்பந்தத்தின் அளவுகோல் ‘வதிந்தமை’ என்ற ஒரே சொல்லாகும். இதனால் வெளியே நின்றோரை நோக்குவோம். காலையில் அதே பாடசாலைக்குச் சென்று, அதே ஆசிரியரிடம் அடிபட்டு, அதே மொழித்தடையை அனுபவித்து, மாலையில் வீடு திரும்பிய பகல் மாணவர் பொதுக் கொடுப்பனவுக்கு உரியவர் அல்லர். 1949 வரை கனடாவிற் சேராதிருந்த நியூபவுண்லாந்து, லபிறடோர்ப் பகுதிகளின் பாடசாலைகள் பட்டியலில் இல்லை. வதிவிடமற்ற பகற் பாடசாலைகளும் இல்லை. 2005 மே 30 ஆம் திகதிக்கு முன் இறந்தோரும் இல்லை. உரியோராக இருந்தும் பாடசாலைப் பதிவேடுகள் அழிந்தோ குறைபட்டோ போனமையால் தம் வருகையை நிறுவ இடர்ப்பட்டோர் வேறு. எதிராளியின் ஆவணம் பற்றி முன்னர்க் கூறியது இங்குத் துயரமான முறையில் மெய்யாயிற்று.

பிறிதொரு வகுப்பிலும் இதே நிலை காணப்பட்டது. 1951 முதல் 1991 வரை குடும்பங்களிலிருந்து அகற்றப்பட்டுப் பிறரிடம் வளர்க்க விடப்பட்ட பிள்ளைகளுக்கான இணக்கம் 2018 இல் அங்கீகாரம் பெற்றது. பதிவுபெற்ற ‘இந்தியரும்’ இன்யூயிற் மக்களுமே அதனுள் அடங்கினர். மெற்றிஸ் மக்களும் பதிவற்றோரும் புறத்தே விடப்பட்டனர். யார் பதிவுபெற்றவர் என்பதைத் தீர்மானிப்பது 1876 இல் முதலில் இயற்றப்பட்ட இந்தியர் சட்டம். குடியேற்ற அரசு ஆளுகைக்காக வகுத்த பிரிவே, அவ்வரசின் குற்றத்துக்கு நட்டஈடு பெறுவோரையும் வகுத்தது.

ஆனால் வரலாறு அங்கு நின்றுவிடவில்லை. விடப்பட்டோர் ஒவ்வொருவராக அன்றி, விடப்பட்டோர் என்ற அடிப்படையிலேயே திரண்டனர். நியூபவுண்லாந்து, லபிறடோர் மாணவர் தம் வழக்கில் 2016 இல் 50 மில்லியன் டொலர் இணக்கம் பெற்றனர். பகற் பாடசாலை மாணவருக்கான இணக்கம் 2019 இல் அங்கீகரிக்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் இரு ஆதிக்குடிச் சமூகங்களின் முன்முயற்சியால் 2012 இல் தொடங்கிய பகல் மாணவர் வழக்கு 2021 இல் ஆளுக்கு 10,000 டொலர் கொடுப்பனவை ஈட்டியது. முதல் வரைவிலக்கணத்தின் எல்லைக்கோடே அடுத்த வகுப்பின் பிறப்பிடமாயிற்று.

கடைசியாகக் கூறிய வழக்கில் தனியாட்களின் வகுப்புகளோடு பிறிதொரு வகுப்பும் 2015 இற் சான்றுப்படுத்தப்பட்டது. அதன் உறுப்பினர் ஆட்கள் அல்லர், சமூகங்கள். மௌனத்தாற் சேர்க்கப்படாது, தாமாக முடிவுசெய்து அதிற் சேர்ந்த ஆதிக்குடிச் சமூகங்கள் 325 ஆகும். அவற்றின் கோரிக்கை, மொழியும் பண்பாடும் அழிந்த கூட்டுத் தீங்குக்கானது. 2023 இல் அங்கீகரிக்கப்பட்ட இணக்கத்தின்படி 2.8 பில்லியன் டொலர், மொழி, பண்பாடு, மரபுரிமை, நலன் ஆகியவற்றின் மீட்சிக்கென அரசைச் சாராத நம்பிக்கைப் பொறுப்பில் இடப்பட்டது. மொழி ஒருவரின் தனியுடைமை அன்று. ஒருவர் இழப்பதைத் தலைக்கு இத்தனை டொலர் எனப் பங்கிட்டு ஈடுசெய்தல் இயலாது. மொழியின் இழப்பை இழந்தோர் என்ற கூட்டே கோரமுடியும். மொழியையும் இலக்கியத்தையும் பயில்வோராகிய நாம் இவ்வுண்மையை ஒரு நீதிமன்ற ஆவணத்திலே காண்பது சிந்திக்கத்தக்கது.

6

மேலே கூறியவற்றிலிருந்து சில முடிபுகளைத் தொகுத்துக் கூறலாம். சட்டத்தின் வகுப்பு சமூகத்தின் வர்க்கமன்று. முன்னையது மேலிருந்து, புறநிலை அளவுகோலால், பெரும்பாலும் ஆதிக்கமுடையோரின் பதிவேடுகளைக் கொண்டு வகுக்கப்படுகின்றது. பின்னையது போராட்டத்தில் உருவாகின்றது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது சீர்திருத்தவாத மயக்கம். அவற்றிடையே தொடர்பே இல்லை என்பதோ வரட்டுவாதம். வகுப்பின் எல்லை எங்கு விழுகின்றது என்பது தருக்கத்தால் மாத்திரம் தீர்வதன்று. அவ்வேளையில் நிலவும் சமூக சக்திகளின் பலத்தாலும் அது தீர்கின்றது.

அப்பலம் ஒரே திசையிற் செல்வதுமன்று. 2020 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம் ஒன்ராறியோ, பொது வினாக்கள் தனிப்பட்ட வினாக்களினும் மேலோங்கி நிற்றல் வேண்டும் என்ற கடும் நிபந்தனையை விதித்தது. மோஹோக் நிறுவன வழக்கை முதலில் மறுத்த நியாயத்துக்கு, அதாவது ஒவ்வொருவர் துன்பமும் வேறு என்ற நியாயத்துக்கு, இத்திருத்தம் புதிய வலுவைக் கொடுக்கின்றது. பெற்றவை மீளப் பறிக்கப்படக்கூடியவை என்பதை இது நினைவூட்டுகின்றது.

எனவே, ஒரு வரைவிலக்கணத்தை வாசிக்கும்போது அதனுள் அடங்கியோரை மாத்திரமன்றி அடங்காதோரையும் சேர்த்து வாசித்தல் வேண்டும். வகுப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அதன் எல்லைக்கு வெளியே நிற்போரின் பட்டியலே தலையாய சான்றாகும். மாலையில் வீடு திரும்பிய பிள்ளைகள் அப்பட்டியலில் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தனர். அவர்களுட் பலர் அதன் முடிவைக் காண உயிரோடிருக்கவில்லை.